திருகோணமலைக் கதைசொல்லி ஒருவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் திருவிழா, பாடசாலைப் பரிசளிப்பு விழா, நூல் வெளியீடு, முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டம் என்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக மேடைகளில் கதை சொல்லி வருகிறேன். கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும் நேரத்தில்தான் மக்கள் அருகில் வந்து கேள்வி கேட்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள். நின்றபடி அவசரத்தில் சொன்ன பதில்கள் எனக்கே போதவில்லை. ஆகவே இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

நீங்கள் இந்த வழிக்கு எப்படி வந்தீர்கள்?

பிறந்தது 1958இல், உப்புவெளியில். தொழில் ஆசிரியம். 1982இல் முதல் நியமனம் மூதூர்ப் பக்கம் கிடைத்தது. இன்றைக்குக் கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் போய்விடலாம். அந்தப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு தரைவழியே போனால் துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். நாங்கள் திருகோணமலையில் மோட்டார் படகு ஏறி, கொட்டியாரக் குடாவைக் குறுக்கே கடந்து மூதூரில் இறங்குவோம்.

அந்தப் படகில் ஒரு முஸ்லிம் வியாபாரி வருவார். எல்லோருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன். சாக்கு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்கினால் மீன்காரர், ஆசிரியர், வைத்தியசாலைக்குப் போய்த் திரும்பும் கிழவி, எல்லோரும் அவர் பக்கம் திரும்பிவிடுவார்கள். அவர் சிரிக்க மாட்டார். கேட்பவர்களின் கண்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். யாராவது கதையின் முடிவை முன்னரே பிடித்துவிட்டார் என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே கதையை வேறு வழியில் திருப்பிவிடுவார். இயந்திரம் இரைந்தால் நிறுத்துவார், இரைச்சல் தணிந்தால் தொடர்வார். படகு கரையைத் தட்டும் முன் கதை முடிந்துவிடும். ஒரு நாளும் மிச்சம் வைத்ததில்லை.

எனக்குக் கல்லூரியில் பேச்சுப் பயிற்சி தந்த ஆசிரியர்களை மறக்கவில்லை. ஆனாலும் கதை சொல்லும் வித்தையை நான் படித்த இடம் அந்தப் படகுதான். அடுத்த ஆண்டு, 1983இல், நாட்டின் காலம் மாறியது. அந்தப் படகுப் பயணமும் பழையபடி இருக்கவில்லை. நானாவை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்பதுகூட நினைவில் இல்லை. அது எனக்குத் தீராத வருத்தம்.

ஆபாசமும் இரட்டை அர்த்தமும் இல்லாமல் இந்தக் காலத்தில் கூட்டத்தைச் சிரிக்க வைக்க முடியுமா?

முடியும். எப்படி என்று விளக்குவதை விட ஒரு கதையைச் சொல்லிவிடுகிறேன். கதை நான் கட்டியது. அதில் வரும் பாதையும் மான்களும் உண்மை.

கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து மேட்டில் ஏற வேண்டும். கோட்டைக்குள் மான்கள் கட்டின்றித் திரிகின்றன. ஆளைக் கண்டு வெருள்வதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஓர் அம்மம்மா ஆறு வயதுப் பேத்தியோடு போகிறார். கையில் அர்ச்சனைத் தட்டு. அதில் கதலி வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை, பாக்கு, கற்பூரம். வெயில் தாங்காமல் மரநிழலில் தட்டை வைத்துவிட்டு முகத்தைத் துடைக்கிறார். திரும்பிப் பார்த்தால் மான் ஒன்று பழத்தை முடித்துவிட்டு வெற்றிலையில் வாய் வைத்திருக்கிறது.

அம்மம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "சுவாமிக்கென்று கொண்டுவந்தது எச்சிலாகிவிட்டதே" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். பேத்தி சொல்கிறாள்: "அம்மம்மா, எங்கள் வீட்டுப் படத்தில் சுவாமி கையில் மான்தானே இருக்கிறது? இது அவருடைய மான். நீங்கள் மேலே ஏற மாட்டீர்கள் என்று ஆளனுப்பி வாங்கியிருக்கிறார்."

அம்மம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு விறுவிறென்று மானின் பின்னாலே போனார். "கொஞ்சம் நில் அப்பா, பெயர் நட்சத்திரம் சொல்லவில்லை. மூத்த மகனுக்கு உத்தரட்டாதி, மீன ராசி..."

இந்தக் கதையை எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை. சிரிக்காத கூட்டத்தை இன்னும் காணவில்லை. இதில் யாராவது தலை குனிய வேண்டியிருக்கிறதா? அந்த அம்மம்மாவே முன்வரிசையில் இருந்தாலும் சிரிப்பார். பக்கத்தில் இருக்கும் பேரப் பிள்ளையின் காதைப் பொத்த வேண்டியதும் இல்லை. ஒரு குடும்பம் கூட்டத்துக்கு ஒன்றாக வந்து ஒன்றாக வீடு திரும்புகிறது. போகும் வழியில் தகப்பனும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச வேண்டியிருந்தால் நான் பிழை செய்துவிட்டேன் என்று பொருள். எனக்குத் தெரிந்த அளவுகோல் அது ஒன்றுதான்.

இதற்கு இலக்கணம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் மிகப் பழையது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல். மெய்ப்பாடு என்றால் உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவது. எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியர் வரிசைப்படுத்தும்போது முதலில் நகையை, அதாவது சிரிப்பைத்தான் வைக்கிறார். நகை எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கும் ஒரு சூத்திரம் உண்டு:

எள்ளல் இளமை பேதைமை மடன்என்று
உள்ளப் பட்ட நகைநான்கு என்ப.

எள்ளல் என்றால் இகழ்ச்சி. இளமை, பிள்ளைத்தனம். பேதைமை, அறியாமை. மடன் என்பது பிறர் சொன்னதை ஆராயாமல் அப்படியே பற்றிக்கொள்வது. மான் கதையை இதில் வைத்துப் பாருங்கள். பேத்தியின் பேச்சு இளமை. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு மானின் பின்னால் போன அம்மம்மாவிடம் இருப்பது மடன். எள்ளலுக்கு அங்கே வேலையே இல்லை.

சூத்திரம் எள்ளலை முதலில் சொல்வதற்குக் காரணம் எனக்கு விளங்குகிறது. எல்லாவற்றிலும் இலகுவானது அதுதான். ஒருவரின் நடையையோ நிறத்தையோ திக்குவாயையோ காட்டினால் போதும், சிரிப்பு உடனே வந்துவிடும். நான் எள்ளலை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றோடு வாழ்ந்துவருகிறேன். அவை ஓர் ஆயுளுக்குப் போதும்.

எள்ளலை ஒதுக்க வேண்டும் என்று எப்போது தோன்றியது?

இதை மேடையில் சொன்னதில்லை. தொடக்க ஆண்டுகளில் ஒரு கோயில் திருவிழாவில் பேசினேன். எங்கள் பகுதியில் காது கேளாத ஒருவர் இருந்தார். கடைக்காரர் ஒன்று கேட்க அவர் வேறொன்று சொல்வார். அவருடைய குரலையும் தலையை ஆட்டும் விதத்தையும் அப்படியே நடித்துக் காட்டினேன். அன்றைய சிரிப்பைப் போல ஒரு சிரிப்பை அதுவரை நான் கேட்டதில்லை. உபயகாரர் பொன்னாடை போர்த்தினார்.

திங்கட்கிழமை என் வகுப்பில் ஒரு பிள்ளை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அவள் அவருடைய மகள் என்று மற்றப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் கதிரை போட்டு என்னை இருத்தி, தேநீர் கொடுக்கச் சொன்னார். கூட்டத்தில் அவரும் இருந்திருக்கிறார். நான் என்ன பேசினேன் என்று அவருக்குக் கேட்கவில்லை. எல்லோரும் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்திருக்கிறார். மகளுக்குத்தான் எல்லாம் கேட்டது.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பள்ளிக்கு வந்தாள். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் அவள் வாய் திறந்து சிரித்ததை நான் பார்க்கவில்லை.

"நகையுள்ளும் இன்னா திகழ்ச்சி" என்று 995ஆவது குறள் தொடங்குகிறது. விளையாட்டாகச் செய்தாலும் இகழ்ச்சி நோகும். பரீட்சைக்குப் படிப்பித்த குறளின் பொருள் எனக்கு அந்த வாசலில்தான் விளங்கியது. அதே பண்புடைமை அதிகாரத்தில் நான்கு குறள் தள்ளி, சிரித்து மகிழத் தெரியாதவர்களுக்குப் பகலும் இருட்டாகத்தான் இருக்கும் என்கிறார் வள்ளுவர். இரண்டையும் ஒரே அதிகாரத்தில் வைத்திருக்கிறார். நான் இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

உங்களுக்கு முன்னோடிகள் யார்?

திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகளை முதலில் சொல்ல வேண்டும். 1906இல் காங்கேயநல்லூரில் பிறந்தவர். 1993 நவம்பரில் இலண்டனிலிருந்து திரும்பும் வழியில் விமானத்திலேயே காலமானார். பாட்டு, புராணம், உலக அனுபவம், நகைச்சுவை நான்கையும் ஒரே மூச்சில் கலந்து கொடுத்தவர். முன்னால் உட்கார்ந்திருக்கும் சிறுவர்களிடம் கேள்வி கேட்டு, பதில் சொன்னால் பரிசு கொடுப்பார். அனுமனுக்குச் சொல்லின் செல்வன் என்று பெயர். கதை நடுவில் ஆட்கள் எழுந்து போவதைக் கண்டு, "இங்கேயும் சொல்லின் செல்வர்கள் இருக்கிறார்கள், நல்லதைச் சொன்னால் சென்றுவிடுவார்கள்" என்று அவர் சொன்னதாக இன்றும் மேடைகளில் நினைவுகூர்வார்கள். எழுந்தவரும் சிரித்துவிட்டு உட்காரக்கூடிய பகிடி அது.

எங்கள் நாட்டில் கே. எஸ். பாலச்சந்திரன். பஸ் நடத்துநராக ஒரே ஆள் நின்று நடித்த 'அண்ணை றைற்' தனிநடிப்பை ஒலிநாடாவில் தேயத் தேயக் கேட்டிருக்கிறேன். மேடையில் ஒரே ஒருவர்தான். கேட்பவர் கண்ணில் பஸ் நிறையப் பயணிகள். இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரும் எனக்குப் பெரிய பாடம். மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி என்று மூன்று சமூகத்தின் தமிழும் அதில் ஒலித்தன. எங்கள் ஊர்ச் சந்தையில் நாள்தோறும் கேட்கும் பேச்சு அது. வானொலியில் அதைக் கேட்டபோது எங்களை யாரோ மதித்து அழைத்ததுபோல் இருந்தது.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் கலந்த கூட்டத்தில் எப்படிப் பேசுகிறீர்கள்?

திருகோணமலையில் வேறு வகைக் கூட்டம் அமைவது அரிது. ஒரு சமூகத்தின் பேச்சு வழக்கைச் சிரிப்புக்காக எடுத்தால், அந்த வழக்கைப் பேசுகிறவரே கதையில் கெட்டிக்காரராக இருக்க வேண்டும். இது நானே எனக்கு வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

தமிழ் விளங்காத சிங்கள நண்பர்கள் இருந்தால் சிரிப்பு இரண்டு தரம் வரும். முதலில் தமிழ் தெரிந்தவர்கள். பிறகு பக்கத்தில் இருப்பவர் காதோடு காதாக மொழிபெயர்த்துச் சொல்ல, நாலைந்து நொடி கழித்து இரண்டாவது அலை. அந்த இரண்டாவது சிரிப்புக்காக நான் காத்து நிற்பேன். அவர்களை விட்டுவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனால் வீட்டுக்கு வந்தவருக்கு இலை போடாமல் பந்தியை நடத்தியதுபோல் ஆகிவிடும்.

போர்க் காலத்தில் நகைச்சுவை பேசியது பொருத்தமாக இருந்ததா?

இதைக் கோபமாகவும் கேட்டிருக்கிறார்கள், கண்ணீரோடும் கேட்டிருக்கிறார்கள். அந்த நாள்களில் இரவுக் கூட்டங்கள் நின்றுபோயின. பொழுது சாயும் முன் எல்லோரும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஆகவே பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்துக்குள் முடிப்போம். பேசுவதற்கு எனக்கே மனம் வராத மாதங்கள் உண்டு. அழைத்தவர்களிடம் முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.

2004 டிசெம்பர் 26, ஆழிப்பேரலை. மூதூர், கிண்ணியா, நிலாவெளி என்று எங்கள் கரையெல்லாம் அடிபட்டது. மக்கள் பாடசாலைகளில் தங்கியிருந்தார்கள். இரண்டு கிழமை கழித்து, அங்கே உதவி செய்துகொண்டிருந்த இளைஞர்கள் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வரும்படி கேட்டார்கள். எனக்கு நா எழவில்லை. போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கதை சொல்லவே இல்லை. பிள்ளைகள்தான் பேசினார்கள், நான் கேட்டேன். கடைசியில் ஒரு பையன், "சேர், மான் கதை தெரியுமா?" என்றான். என்னிடமிருந்து யாரோ கேட்டு அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். "நீயே சொல்லு" என்றேன். அவன் சொன்ன கதையில் மான் தேங்காயையும் விழுங்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள். சுவரோரம் இருந்த தாய்மார் சிலர் சிரித்தார்கள், சிலர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். நகைக்கு அடுத்ததாக அழுகையைத் தொல்காப்பியர் வைத்திருப்பது அன்று எனக்கு வெறும் வரிசையாகத் தோன்றவில்லை.

நினைவுக் கூட்டங்களில்கூட நகைச்சுவையா?

ஆம், ஆனால் குடும்பத்தார் விரும்பினால் மட்டும். முப்பத்தோராம் நாளில் கல்வெட்டு என்னும் நினைவு மலர் அச்சிட்டு, இறந்தவரின் பிறப்பு, படிப்பு, பதவி எல்லாம் போடுவார்கள். அவர் எப்படிச் சிரிப்பார் என்பது மட்டும் அதில் வராது. நான் முதல் நாளே வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடு இருந்து பேசுவேன். ஒரு பெரியவர் தன் பழைய சைக்கிளை வீட்டுக்குள் எடுத்து, மழைக்கு அதன் மேல் போர்வையும் போர்த்துவிட்டுத் திண்ணையில் தான் நனைந்துகொண்டு படுத்ததை அவருடைய மகள் சொன்னாள். அதைக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு மாதமாகச் சோறு இறங்காமல் இருந்த அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்தார்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் சொல்ல மாட்டேன். இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்ற ஐதிகத்தோடு இன்றும் மக்கள் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்குப் போகும் இடம் அது. அங்கே வாயை மூடிக்கொண்டு நிற்பதே முறை.

ஓர் உரைக்கு எவ்வளவு நேரம் ஆயத்தம் செய்வீர்கள்?

புதிய கதை என்றால் மூன்று மாதம். எழுதி வைத்து மனப்பாடம் செய்வதில்லை. முதலில் வீட்டில் சொல்வேன், பிறகு முடிதிருத்தும் கடையில், பிறகு வகுப்பில். 2018இல் ஓய்வு பெற்ற பிறகு வகுப்பு இல்லை, உட்துறைமுகக் கடற்கரையில் மாலையில் நடக்க வரும் நண்பர்கள் இருக்கிறார்கள். எந்த இடத்தில் கேட்பவரின் கண் வேறு பக்கம் போகிறதோ அந்த இடத்தை வெட்டிவிடுவேன். மேடைக்கு வரும்போது கதை பாதியாகச் சுருங்கியிருக்கும்.

எவ்வளவு நேரம் பேசுவீர்கள்?

முப்பத்தைந்து நிமிடம். திருவிழாவில் பூசை மணி அடித்துவிட்டால் வசனத்தின் நடுவிலும் நிறுத்திவிடுவேன். மக்கள் சுவாமியைப் பார்க்க வந்தவர்கள்.

பணம் வாங்குகிறீர்களா?

பிரயாணச் செலவு வாங்குவேன். வெளிநாட்டுத் தமிழர் அழைத்தபோது அன்பளிப்பும் வாங்கியிருக்கிறேன். பாடசாலைகளிலும் நினைவுக் கூட்டங்களிலும் எதுவும் வாங்குவதில்லை. ஒரு முறை ஓர் அமைப்பாளர், "கொஞ்சம் காரமாகப் பேசினால் இரட்டிப்பாகத் தருகிறோம்" என்றார். காரம் என்று எதைச் சொன்னார் என்பது இருவருக்கும் தெரியும். மறுத்துவிட்டு வந்தேன்.

யூடியூபில் உங்கள் பேச்சுகள் துண்டு துண்டாக வருகின்றனவே, சம்மதமா?

முழுப் பேச்சு என்றால் சம்மதம். முப்பது நொடித் துண்டில் சிரிப்பு மட்டும் மிஞ்சுகிறது. அம்மம்மாவின் அழுகை வெட்டப்பட்டுவிட்டால் அவர் மானின் பின்னால் ஓடுவது வெறும் கேலியாகத் தெரியும். அப்படி ஒரு துண்டு சுற்றுகிறது. எடுக்கும்படி கேட்டிருக்கிறேன்.

என் மகள் பேச்சாளராக வேண்டும் என்கிறாள். என்ன செய்ய வேண்டும்?

ஐந்து பெற்றோரில் மூவர் கேட்கும் கேள்வி இது. மகள் பக்கத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள்.

முதலில், எழுதிக் கொடுத்ததைப் பாடமாக்கி ஒப்புவிக்கும் போட்டிகளைக் குறையுங்கள். நானும் நடுவராக இருந்து பரிசு கொடுத்தவன், அந்தப் பொறுப்போடு சொல்கிறேன். பத்து வயதுப் பிள்ளை நாற்பது வயது ஆசிரியரின் வசனத்தை அவருடைய கையசைப்போடு சொல்லும்போது பிள்ளையின் குரலே காணாமல் போய்விடுகிறது. இரவு உணவின்போது அன்றைக்கு வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போது இடைமறித்துத் தமிழைத் திருத்தாதீர்கள். கைத்தொலைபேசியை வைத்துவிட்டு முகத்தைப் பாருங்கள். தன் பேச்சை ஒருவர் முழுதாகக் கேட்கிறார் என்று கண்ட பிள்ளைதான் பிறகு ஆயிரம் பேர் முன் நிற்கும்.

வாசிக்கக் கொடுங்கள். தேவாரத்தையும் கொடுங்கள். சம்பந்தர் எங்கள் ஊரைப் பாடிய "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை" என்ற அடியை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் கடல் பாறையில் மோதும் ஓசை நாவிலேயே கேட்கும். நகைச்சுவை பேசுகிறவருக்கு ஓசை முக்கியம். சிரிப்பு வர வேண்டிய சொல் வசனத்தின் கடைசியில் விழ வேண்டும். அதற்குப் பிறகு ஒரு சொல் கூடினாலும் கெட்டுவிடும். "நட்சத்திரம் சொல்லவில்லை" என்பதற்குப் பிறகு நான் விளக்கம் சொல்லத் தொடங்கினால் யார் சிரிப்பார்கள்?

பெண் பிள்ளை மேடையில் பகிடி சொல்லலாமா என்று தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தாராளமாகச் சொல்லலாம். எங்கள் வீடுகளில் நல்ல கதை சொன்னவர்கள் எல்லோரும் பெண்கள்தான். அவர்களுக்கு யாரும் ஒலிவாங்கி கொடுக்கவில்லை.

உங்களை அழைத்தால் நாங்கள் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

மேடை உயரமாக வேண்டாம். முகம் தெரியும்படி வெளிச்சம் மக்கள் மீதும் இருக்கட்டும், அவர்களுடைய கண் தெரியாமல் என்னால் கதை சொல்ல முடியாது. மின்பிறப்பாக்கி இருந்தால் தள்ளி வையுங்கள். முன்வரிசையில் பிரமுகர்களுக்கான சோபாக்களைப் போடும் முன், அவற்றுக்கும் மேடைக்கும் நடுவே இரண்டு பாய் விரிக்க இடம் விடுங்கள். பிள்ளைகள் அங்கே உட்காரட்டும். காது மந்தமான பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒலிபெருக்கியின் பக்கமாகக் கதிரை போடுங்கள். அதை நான் வந்ததும் முதலில் பார்ப்பேன்.